ஒன்பது ஐம்பத்தொன்று

வருடத்தில் பதினொரு மாதம்
இந்தத் தெருவுக்கு நான் கள்ளன்.
ஆசுபத்திரிச் சலவையில் வேலை முடித்து
விடியப்புறம் இரண்டே முக்காலுக்கு
மார்க்ஸ்லோவில் கடைசி ஆளாய் இறங்கி
திறப்புக்கோர்வை கிலுங்காமல் பொத்திக்கொண்டு
படியேறுவேன்.

நோன்பு மாதம் மட்டும்
எல்லா யன்னலிலும் வெளிச்சம்.
கரண்டி கோப்பையில் படுகிறது.
யாரோ யாரையோ எழுப்புகிறார்கள்,
பிள்ளை எழும்ப மாட்டேன் என்கிறான்.
எனக்கும் அது இராச்சாப்பாட்டு நேரம்.
இந்த நாட்டுக்கு வந்த பதினாறு வருடத்தில்
ஊரோடு சேர்ந்து நான் சாப்பிடுவது
இந்த முப்பது இரவுதான்.

பகலில்தான் கரைச்சல்.
மத்தியானம் எழும்பினால் பசிக்கும்.
கருவாட்டை எண்ணெயில் போட்டால்
ஐந்து மாடிக்கும் அது நடந்து போகும்.
ஒருநாள் யன்னல்களைச் சாத்தி
கதவிடுக்கில் ஈரத்துவாய் அடைத்துப்
பொரித்துக்கொண்டு நிற்க
மணி அடித்தது.
கீழ்வீட்டு நூராய்.
துவாயைக் காலால் தள்ளிவிட்டுச் சொன்னாள்:
"யன்னலைத் திற, மூச்சு முட்டிச் சாவாய்.
உன்ர மீன் என்ர நோன்பை முறிக்காது, கொம்ஷு.
நான் முறிச்சால்தான் முறியும்.
ஆனால் இது என்ன,
செத்துப் பத்து நாளான மீனா?"

கொம்ஷு என்றால் அயலவன்.
டொச்சில் எனக்கு அப்படி ஒரு பெயர்
இன்னும் கிடைக்கவில்லை.

ஞாயிறு லீவு.
சூரியன் ஒன்பது ஐம்பத்தொன்றுக்கு விழுகிற ஆனி.
கருஞ்சீரகம் தூவிய ரொட்டிக்கு வரிசை
கலியாண உடுப்புக் கடைகளைத் தாண்டி நீள்கிறது.
தலையில்லாத வெள்ளைப் பொம்மைகள்
கண்ணாடிக்குள்ளிருந்து எங்களைப் பார்க்கின்றன.
"நோன்பா?" என்றான் ரொட்டிக்காரன் வேதாத்.
என் தலை வழக்கம்போல் ஆடியது,
ஓமுக்கும் இல்லைக்கும் நடுவில்.
இந்த ஆட்டத்தை வெளிநாட்டு அலுவலகத்தில்
ஒருத்தரும் விளங்கியதில்லை.
வேதாத் விளங்கிவிட்டான், பிழையாக.
உள்ளங்கையில் ஒரு பேரீச்சம்பழம் வைத்தான்.

இன்னும் பதினொரு நிமிடம்.
புட்டும் மீன்குழம்பும் தின்ற வயிறு
என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது.
பழம் கைச்சூட்டில் இளகி ஒட்டியது.
கடைசியில் யாருடையதோ போனில் பாங்கு சொல்ல
எல்லாரோடும் சேர்ந்து நானும் கடித்தேன்.
கொட்டையை எங்கே போடுவது என்று
ஒருத்தரும் யோசித்ததாய்த் தெரியவில்லை.

அன்றிரவு நூராய் பருப்பு சூப் அனுப்பினாள்.
குடித்துவிட்டுக் கழுவும்போது
கோப்பையின் அடியில்
நகப்பூச்சால் எழுதிய ஒற்றை எழுத்து,
அவளுடையது.

தண்ணீரை மூடவில்லை. ஓடட்டும் என்று விட்டேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில்
சோனகத்தெருவுக்கு
இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள், வெளியேற.
கொடுத்தார்கள் என்றுதான் சொல்லிப் பழக்கம்.
எனக்கு ஒன்பது வயது.
ஒரு மாதம் கழித்து அப்பா
சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்தார்
ஒரு செம்புக் கிடாரம். மலிவு என்றார்.
விளிம்பில் மு.க.சே. என்று வெட்டியிருந்தது.
அந்த எழுத்தில் எங்கள் வீட்டில் ஒருவருமில்லை.
அம்மா பழப்புளி போட்டுத் தேய்த்தாள்.
தேய்க்கத் தேய்க்க எழுத்துத்தான் பளிச்சிட்டது.
கோயில் கஞ்சிக்கு இரவல் கொடுத்தோம்.
மூன்று வருடம் அதில் காய்ச்சியதை
வரிசையில் நின்று குடித்தேன்.
நல்ல கஞ்சி.

தந்த கோப்பையை வெறுமையாய்த் திருப்பக் கூடாது.
இது நூராய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும்,
ஒருவருக்கொருவர் சொன்னதில்லை.
உளுந்து ஊற நேரமில்லை.
கடலைப்பருப்பை அரையும் குறையுமாய் அரைத்து
வடை சுட்டேன்.
இரண்டே முக்காலுக்குக் கீழே போய்
ஒரு தரம்தான் தட்டினேன்.

வாங்கி மணந்து பார்த்தாள்.
"மீன் இல்லையே?"
இல்லை என்றேன்.
வேறொன்றும் சொல்ல வாயெடுத்தேன்,
டொச்சில் அதற்கு வினைச்சொல் கிடைக்கவில்லை,
தமிழிலும் எழுவாய் தகராறு.
"இன்னும் பத்து நிமிடம் இருக்கு,
வாசலில் நிக்காதே, உள்ள வா" என்றாள்.

குனிந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன்.
கயிறு சிக்கிப் போயிருக்கிறது.
உள்ளே கோப்பைகள்,
எல்லாவற்றுக்கும் அடியில் எழுத்து.